பாதம் மட்டும் வேணாங்க

முதலில் கழன்று விழுந்தது என் மனைவியின் இடது கால் செருப்பு. வத்தேகமயில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் வீட்டுக்கு மேலே ஏற வேண்டும். பாதித் தூரம் தார் ரோடு, அதற்கப்பால் சிமெந்துப் படிகள். அந்தப் படிகளில் ஏறும்போது செருப்பு அவள் காலை விட்டு நழுவிக் கீழ்ப்படியில் போய் விழும். அவள் நின்று, திரும்பி, காலால் துழாவி மாட்டிக்கொண்டு மறுபடியும் ஏறுவாள்.

"வார் தளந்து போச்சுங்க" என்றாள்.

புதுச் செருப்பு வாங்கினோம். அதுவும் விழுந்தது. பின்னால் பட்டி வைத்த ஒன்றை வாங்கினோம். அது விழவில்லை. அவள்தான் விழுந்தாள்.

நான் கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று அதிக காலமாகியிருக்கவில்லை. அவள் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுடைய சொந்தம் என்று சொல்ல ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் தங்கை ஒருத்தி மட்டும்தான். என் மனைவியும் அங்கே பிறந்து வளர்ந்தவள்தான். மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பழகியவள் என்பதாலோ என்னவோ, அப்படி ஒரு வேக நடை. சந்தையில் நான் ஒரு கடையில் விலை கேட்டுக்கொண்டு நின்றால் அவள் அந்த வரிசையையே முடித்துவிட்டுப் பையோடு எதிரே வருவாள். "இன்னும் இங்கயேதான் நிக்கிறீங்களா?" என்பாள். அப்படிப்பட்டவளுக்குக் கால் தடுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. செருப்பைத்தான் குறை சொன்னேன், அவளைப் போலவே.

கண்டி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், முதுகை ஸ்கேன் செய்தார்கள், கடைசியில் ஊசிகளைத் தசையில் குத்தி நரம்பைச் சோதித்தார்கள். முடிவைச் சொன்ன டாக்டர் நல்ல மனிதர். எங்களை உட்காரவைத்து, சிங்களத்தில், நிதானமாகச் சொன்னார். தசைகளை அசைக்கிற நரம்புகள் ஒன்றன் பின் ஒன்றாகச் செத்துப்போகிற நோய். காலில் தொடங்கியிருக்கிறது, கைக்குப் போகும், நாக்குக்குப் போகும், மூச்சுக்கும் போகும். அறிவுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். கடையில் வேலை செய்து செய்து அவளுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். நான் எதையும் மாற்றிச் சொல்லவோ மறைக்கவோ வழி இருக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அப்ப இதுக்கு மருந்து இல்லையாம்ல" என்றாள்.

"குளிசை குடுத்திருக்காங்களே."

"அது மெதுவாக்கத்தானாம். அவரு சொன்னாரு. நீங்க கேக்கலையா?"

நான் கேட்டிருந்தேன்.

டாக்டர் எங்களைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அது நீளமான ஒரு மண்டபம். சுவரில் மரச்சக்கரம், கூரையிலிருந்து தொங்கும் கப்பியும் கயிறும், நடந்து பழக இரண்டு கம்பிகள். கை முறிந்து கட்டுப் பிரித்தவர்கள், பாரிசவாதம் வந்தவர்கள், முழங்கால் மடங்காதவர்கள் எல்லாரும் அங்கே ஏதாவது ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலானோர் தேறிப் போவதற்காக வந்தவர்கள். போன மாதம் இவ்வளவுதான் போனது, இப்போது இவ்வளவு போகிறது என்று ஒருவருக்கொருவர் கையைத் தூக்கிக் காட்டிக்கொள்வார்கள்.

எங்களுக்கு அமைந்த பிசியோதெரபிஸ்ட் யாழ்ப்பாணத்துப் பெண். முப்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரி வழக்கப்படி நாங்கள் அவளை மிஸ் என்று கூப்பிட்டோம். அவள் மனைவியைக் கட்டிலில் படுக்கவைத்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஐயா, இது வருத்தத்தை மாத்திறதுக்கு இல்லை. அதை முதலே சொல்லிப்போட்டன். தசை வேலை செய்யாட்டி மூட்டு ஆடாது. ஆடாமல் விட்டால் இறுகிப்போகும். இறுகினால் நோகும், உடுப்பு மாத்தேலாது, குளிப்பாட்டேலாது. அதுக்காகத்தான் ஒவ்வொரு மூட்டையும் அது போற அளவுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரவேணும். ஒவ்வொரு நாளும். அவாவால ஏலாத நேரத்தில நீங்கள் செய்யவேணும்."

இடுப்பையும் முழங்காலையும் மடக்கி நீட்டிக் காட்டினாள். நான் செய்து பார்த்தேன். பிறகு பாதத்துக்கு வந்தாள். குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, பாதத்தின் அடிப்பக்கத்தை முன்கையால் அணைத்து, மெதுவாக மேல்நோக்கித் தள்ள வேண்டும். விரல்கள் முகத்தைப் பார்த்து வருகிற மாதிரி. கெண்டைக்கால் சதை இழுபடும், அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வைக்க வேண்டும்.

"இப்ப நீங்கள் பிடியுங்கோ" என்றாள்.

நான் கையைக் கொண்டுபோனேன். என் மனைவி காலை இழுத்துக்கொண்டாள். அந்தக் காலில் அவ்வளவு பலம் இன்னும் மிச்சம் இருந்தது எனக்கே ஆச்சரியம்.

"அவரு வேணாம் மிஸ். பாதத்த அவரு புடிக்கக் கூடாது."

மிஸ் சிரித்தாள். பிறகு என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "அம்மா, இது மருத்துவம்தானே?"

"ஒங்களுக்கு மருத்துவம் மிஸ்."

என் பக்கம் திரும்பி, கெஞ்சுகிற குரலில், "மத்ததெல்லாம் செய்யுங்க. பாதம் மட்டும் வேணாங்க" என்றாள்.

எனக்கு அது புதிதல்ல. கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பக்கம் கால் நீட்டி உட்கார்ந்ததில்லை. நெரிசலான பஸ்ஸில் தவறிப்போய் அவள் கால் என்மேல் பட்டுவிட்டால், சுற்றி எத்தனை பேர் நின்றாலும் சரி, என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். புருஷன் கை பொண்டாட்டி காலில் படுவது அவளுக்குப் பாவம். அந்தப் பாவம் தன் தலையில் அல்ல, என் தலையில்தான் விடியும் என்று நினைத்தாளோ என்னவோ. ஏன் என்று கேட்டால், "அது அப்பிடித்தாங்க" என்பாள். நான் சாமி கும்பிடுவேன், திருநீறு பூசுவேன், அதோடு சரி. அவளுடைய இந்தப் பழக்கம் எனக்கு ஒரு தொந்தரவாகவும் இருந்ததில்லை, பெருமையாகவும் இருந்ததில்லை. வீட்டில் இருக்கிற ஒரு சாமானைப் போல இருந்தது.

மிஸ் வேறு வழி சொன்னாள். கைகள் இன்னும் நன்றாகத்தானே இருக்கின்றன, ஒரு துவாயை நீளமாக மடித்துப் பாதத்தில் கொளுவி, இரண்டு முனையையும் அம்மாவே பிடித்து இழுக்கலாம். என் மனைவிக்கு அது பிடித்துப்போனது. நான் இடுப்பில் கட்டிப் பழசான சாரம் ஒன்றைக் கிழித்து வைத்துக்கொண்டாள். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, முன்னறைக் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, குதிரை ஓட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் இழுப்பாள். அந்த நேரம் நான் அறைக்குள் போகக் கூடாது. கால் நீட்டியிருக்கிறாளே. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்பேன். "இன்னங் கொஞ்சம்" என்பாள். முடிந்த பிறகு போய் இடுப்பையும் முழங்காலையும் நான் செய்வேன். காலைத் தூக்குவதற்கும் குதிகாலைப் பிடிக்க விடமாட்டாள். கணுக்காலுக்கு மேலேதான் என் கை இருக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் பாரம் கூட. என் முதுகுதான் வலிக்கும். நான் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். முதலில் ஊன்றி நடக்க ஒரு பொல்லு, பிறகு ஆஸ்பத்திரியில் இரவல் கொடுத்த வீல்செயார். படிகளில் வீல்செயார் போகாது. கிளினிக் நாளில் பக்கத்து வீட்டு ஆண்கள் வந்து கதிரையில் வைத்துத் தூக்கி ரோட்டுவரை கொண்டுவருவார்கள். அங்கிருந்து ஆட்டோ. தூக்கிக்கொண்டு போகும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். "சாமி ஊர்வலம் போற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். தூக்கினவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஒரு காலையில் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். "துணி நழுவுதுங்க" என்றாள். உள்ளே போனேன். சாரத் துணி தரையில் கிடந்தது. அவள் தன் வலது கையை மடியில் வைத்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருவிரலுக்குக் கீழே இருக்கிற சதை மேடு காணாமல் போயிருந்தது. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. தினமும் பார்த்த கைதான்.

அதற்குப் பிறகு தங்கை வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹுன்னஸ்கிரியவிலிருந்து பஸ் ஏறி வந்து, அக்காவைக் குளிப்பாட்டி, தலை வாரி, மிஸ் காட்டிய மாதிரி பாதத்தைச் செய்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போவாள். கொழுந்து எடுத்து எடுத்து அவள் விரல்கள் கறுத்துத் தடித்திருக்கும். அந்த விரல்களால் அக்காவின் பாதத்தை அவள் பிடிக்கிற விதம் பார்க்க நன்றாக இருந்தது. இருவரும் தோட்டத்துக் கதை பேசுவார்கள். யார் வீட்டில் கல்யாணம், யார் கொழும்புக்குப் போனது, எந்த மலையில் தேயிலையை மட்டம் வெட்டுகிறார்கள் என்றெல்லாம். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவியின் முகம் கொஞ்சம் பழையபடி இருக்கும்.

ஆனால் அடுத்த கிளினிக்கில் மிஸ் பாதத்தைப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு சட்டங்களை ஆணியால் இணைத்த மாதிரி ஒரு கருவி அவளிடம் இருக்கும், கோணம் அளக்க. அதைக் கணுக்காலில் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

"கிழமைக்கு ஒருக்காச் செய்து காணாது. பாதம் கீழ்ப்பக்கமா இறுகிக்கொண்டு போகுது. நேர் நிலைக்கே வருதில்லை. ஐயா, இனி நீங்கள் ஒவ்வொரு நாளும் செய்யத்தான் வேணும்."

தங்கையிடம் கேட்டுப் பார்த்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்? "தெனமும் எப்பிடி மாமா வர்றது? வேலைக்குப் போகலைன்னா பேரு போடமாட்டாங்க" என்றாள். தோட்டத்தில் பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. அவளுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தன.

அன்று வீட்டில் எங்கள் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. எங்களுக்குள் சத்தம் போட்டுப் பேசுகிற வழக்கம் இல்லை. அன்று நான் சத்தம் போட்டேன். உன் காலைத் தொட்டு எனக்கு என்ன பாவம் வரப்போகிறது, வந்திருப்பதைவிட இன்னும் என்ன வரப்போகிறது என்று கேட்டேன்.

அவள் சொன்னாள். அப்போதே பேச்சில் கொழகொழப்பு வந்துவிட்டது. "எங்கிட்ட எல்லாம் போயிருச்சு. நடக்க முடியல. கை போயிருச்சு. நீங்கதான் சோறு ஊட்டுறீங்க, நீங்கதான் வெளிக்குப் போனா கழுவுறீங்க. இது ஒண்ணுதான் நான் விடாம வச்சிருக்கேன். இதயும் விடச் சொல்றீங்க."

எழுந்து குசினிக்குள் போய்க் கழுவின பாத்திரங்களையே மறுபடியும் கழுவினேன்.

மறுநாள் காலை அவளே பேச்செடுத்தாள். "ஏங்க, ஆபீசுக்குப் போட்ட சொக்ஸ் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"அத எனக்குப் போட்டு விட்டுட்டுப் புடிங்க. அப்ப ஒங்க கை காலுல படாதுல்ல."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "சொக்ஸ யாரு போட்டு விடுறது?"

அவள் யோசித்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குச் சிரித்தால் நிற்காது, அந்த நோயில் அப்படி வருமாம். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, அலுமாரியிலிருந்து எடுத்த என்னுடைய கறுப்புச் சொக்ஸைப் போட்டுவிடச் சொன்னேன். அந்தச் சிங்களத்து அக்காவுக்குக் குளிருக்காக என்று சொல்லிவைத்தோம். நாங்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இப்படித்தான் நான் அவள் பாதத்தைப் பிடித்தேன், என்னுடைய ஆபீஸ் சொக்ஸுக்கு மேலே. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. குதிகால் சின்னதாக இருந்தது. இறுக்கம் கைக்குத் தெரிந்தது. ஒரு இடம்வரை வரும், அதற்கு மேல் காய்ந்த தோலைப் பிடித்து இழுக்கிற மாதிரி நின்றுவிடும். முடித்ததும் அவள் தன் கையைத் தூக்க முயன்றாள். எதற்கென்று எனக்கு முதலில் விளங்கவில்லை. கை மார்புவரைகூட வரவில்லை. என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறாள். சொக்ஸ் போட்டும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

சில நாட்கள் அப்படியே போயின. அந்தக் கை தூக்க முயல்வதும் விழுவதுமாக இருந்தது. ஒருநாள் நான் பாதத்துக்கு வரும்போது அவள் தலையை ஆட்டித் தடுத்தாள். அவள் பேசுவது அப்போது எனக்கும் தங்கைக்கும் மட்டும்தான் விளங்கும்.

"என் ரெண்டு கையயும் சேத்து வைங்க."

"எதுக்கு?"

"கும்புட வச்சிட்டு அப்புறம் புடிங்க."

"யாரக் கும்புட?"

அவள் என்னையே பார்த்தாள்.

நான் முடியாது என்றேன். வெளியே போய் வாசலில் நின்றேன். கீழே ரோட்டில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. திரும்பி உள்ளே வந்தபோது அவள் அதே மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்து, உள்ளங்கைகளைச் சேர்த்து, மடங்கி நிற்கும் விரல்களை நீவிவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட வைத்தேன். நான் கையை எடுத்தால் அவை பிரிந்து விழுந்துவிடும். அதனால் அவள் கும்பிட்டு முடிக்கும்வரை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு பாதத்துக்குப் போனேன்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். பொண்டாட்டியின் கையைப் பிடித்து என்னையே கும்பிட வைத்த ஆள் நான். அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. தங்கைக்கும் தெரியாது.

பேச்சு முழுவதும் நின்றுபோனது. ஆம் என்றால் கண்ணை மேலே தூக்குவாள், இல்லை என்றால் மூடுவாள். "இன்னைக்கு மட்டும் கும்புடாம செய்வோமா?" என்று ஒரு தடவை கேட்டேன். கண்ணை மூடினாள், இறுக்கமாக. நான் கைகளைச் சேர்த்து வைக்கும்வரை திறக்கவில்லை.

காலை வேளை முழுவதும் இதற்கே போனது. தோள், முழங்கை, மணிக்கட்டு, ஒவ்வொரு விரல், இடுப்பு, முழங்கால், கடைசியில் பாதம். தோளுக்கு ஒரு கையை அவள் முழங்கைக்குக் கீழே கொடுத்து, மறு கையால் மணிக்கட்டைப் பிடித்து, காதோடு ஒட்டி மேலே கொண்டுபோக வேண்டும். ஆரம்பத்தில் அது தலையணையைத் தொடும். பிறகு தலையணைக்கு ஒரு சாண் இருக்கும்போதே அவள் முகம் சுருங்கியது. பிறகு அதுவும் போகவில்லை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் எல்லாம் உள்நோக்கி மடங்கிக்கொண்டு வந்தது. பாதம் முழுவதுமாகக் கீழ்நோக்கி இறுகிவிட்டது. நான் செய்யாமல் விட்ட நாள் இல்லை. மிஸ் காட்டியதில் ஒன்றையும் குறைக்கவில்லை. அப்படியிருந்தும் போனது.

மிஸ் அந்தக் கருவியை எடுப்பதை நிறுத்திவிட்டாள். முன்பெல்லாம் அளந்துவிட்டு எனக்குச் சொல்வாள். நானும் பரீட்சை முடிவு கேட்கிறவனைப் போல நிற்பேன். ஒருநாள், "அளக்கலையா மிஸ்?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு ஐயா?" என்றாள். பிறகு தான் சொன்னதை நினைத்து வருத்தப்பட்ட மாதிரி, "தோளைப் பாதி மட்டும் கொண்டுபோங்கோ. தசை இல்லாததால மூட்டு விலகிப்போகும். நோகாத அளவுக்குச் செய்தால் காணும்" என்றாள்.

வலியைக் கேட்பதற்கு ஒரு வழியும் இல்லை. என் கை செய்வதைப் பாராமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்யப் பழகினேன். புருவம் கொஞ்சம் அசைந்தால் நிறுத்துவேன். சில நாட்களில் ஒன்றுமே அசையாது, ஆனால் முடித்துவிட்டுப் பார்த்தால் காதோரம் தலையணை நனைந்திருக்கும்.

மூச்சு குறைய ஆரம்பித்தபோது டாக்டர் எங்களிடம் கேட்டார். தொண்டையில் துளை போட்டு மெஷினில் மூச்சு கொடுக்கலாம். இன்னும் கொஞ்ச காலம் இருப்பாள். ஆனால் மற்றதெல்லாம் இப்படியேதான் இருக்கும். நான் அவள் பக்கம் குனிந்து கேட்டேன். கண்ணை மூடினாள். விளங்காமல் மூடிவிட்டாளோ என்று வேறு மாதிரிக் கேட்டேன். மூடினாள். "நான் ஒத்தையா என்ன செய்வேன்?" என்று கேட்டேன். அதற்கு அவள் கண்ணைத் தூக்கவும் இல்லை, மூடவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெஞ்சில் சளி கட்டி வார்டில் சேர்த்தோம். அது பெண்கள் வார்டு, பார்க்கிற நேரத்துக்கு மட்டும்தான் என்னை விடுவார்கள். அந்த நேரத்தில் நான் கைகளை மட்டும் செய்தேன். பாதத்துக்குப் போகவில்லை. அத்தனை பேர் நடுவில் அவளைக் கும்பிட வைக்க எனக்கு முடியவில்லை, கும்பிட வைக்காமல் தொடவும் முடியவில்லை. அவள் கண்ணால் எதுவும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் நான் சாப்பாட்டு நேரத்துக்குப் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தங்கையும் தோட்டத்துப் பெண்கள் சிலரும் குளிப்பாட்டி உடுத்திவிட்டார்கள். நான் வெளியே கதிரையில் இருந்தேன். முடித்துவிட்டுத் தங்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"பாதம் ரெண்டுந்தான் வளையல மாமா. கையெல்லாம் லேசா வந்திருச்சு. ஜாக்கெட் போடக் கஷ்டமாவே இல்ல. தோட்டத்துல இப்பிடி ரொம்ப நாள் படுத்துக் கெடந்தவங்களுக்குக் கிழிச்சுத்தான் போடுவோம்."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவள் சொன்னாள். இத்தனை நாள் காலைகளில் நான் செய்ததற்குக் கிடைத்தது அது: ஜாக்கெட்டைக் கிழிக்காமல் போட முடிந்தது. நான் தலையாட்டினேன். அவளுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லி யாரிடமோ சொன்னேன்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, இரவல் வாங்கிய வீல்செயாரைத் திருப்பிக் கொடுக்கக் கண்டிக்குப் போனேன். அதை மடித்து ஆட்டோவின் பின்சீட்டில் வைத்தால் எனக்கு உட்கார இடம் இல்லை. ஓரமாக ஒட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் அன்றும் கூட்டம். மரச்சக்கரத்தை ஒருவர் சுற்றிக்கொண்டிருந்தார். மிஸ் என்னைப் பார்த்ததும் வீல்செயாரைப் பார்த்தாள். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எப்ப ஐயா?"

சொன்னேன்.

"நீங்கள் நல்லாச் செய்தனீங்கள்" என்றாள். "நான் பாத்த ஆக்களுக்குள்ள உங்களை மாதிரி ஒருத்தரும் விடாமல் செய்யேல்லை."

அப்படிச் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், அவளுக்கு வலி குறைந்திருக்குமா, கூடியிருக்குமா, நான் அவளை நிம்மதியாக விட்டிருக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தேன். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அதைத்தான் ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்தேன். அவளுக்குப் பின்னால் ஒரு கட்டிலில் யாரோ காத்துக்கொண்டிருந்தார்கள். "வாறன் ஐயா, குறை நினைக்காதேங்கோ" என்று அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்கும் தெரிந்திருக்காது.

தங்கை ஒன்றிரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தோட்டத்துக்கு வந்து எங்களோடு இருங்கள் மாமா என்கிறாள். போகிற எண்ணம் இல்லை. இங்கே இருக்கிற எண்ணமும் இல்லை. இருக்கிறேன். விடியும்போதே விழிப்பு வந்துவிடுகிறது. தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கிறேன். வாசலைக் கூட்டுகிறேன். அதற்குப் பிறகு மத்தியானம்வரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.